மிதிக்கயிற்று முடிச்சு

“இது யார்ட கை எண்டு சொல்லு பாப்பம்?”

என் அக்கா ஸுஹைறா ராத்தா இப்படிக் கேட்டுக்கொண்டு ஒரு படத்தை என் தறியில், நெய்து முடித்த துணியின் மேல் வைத்தார். கச்சான் அடிக்கத் தொடங்கி நாலாம் நாள் அது. வயல்வெளியின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் மருதமுனைக்குள் கொட்டுகிற காற்று. அந்தக் காற்றில் பாவு நூல் காய்ந்து சும்மா சும்மா அறும். காலையிலிருந்து அறுந்ததை முடிந்து முடிந்து எனக்கு விரல் நுனி எரிந்துகொண்டிருந்தது.

கடதாசியில் அச்சடித்த படம். வெள்ளைக் கயிறு ஒன்று, அதில் ஒரு முடிச்சு, பக்கத்தில் அளவு காட்ட ஒரு அடிமட்டம். அவ்வளவுதான்.

தறிக்காரருக்கு முடிச்சைப் பார்த்தால் ஆள் தெரியும். மிதிபலகையைத் தறியோடு பிணைக்கிற கயிற்றை எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் முடிவார்கள். பாத்தும்மா மாமி வீட்டில் மட்டும் மூன்று சுற்று. மாமிக்கு இடதுகைப் பழக்கம். சுற்று இடப்பக்கமாகப் போகும், வாலை அடியில் திரும்பவும் ஒரு தரம் கொடுத்து நகமளவுக்கு ஒட்ட நறுக்குவார். மிதிக்க மிதிக்க இறுகுகிற முடிச்சு அது. பிறகு கத்தியால் வெட்டினால்தான் உண்டு. மாமியிடமிருந்து அது அவருடைய ஒரே மகனுக்கு வந்திருந்தது. மகன் வலதுகைக்காரர். எதிரே இருந்து பார்த்துப் படித்ததால் அவருடைய முடிச்சில் சுற்று மட்டும் வலப்பக்கம் போகும். வேறு யாருக்கும் அப்படி வராது.

எனக்கு வாய் வருவது குறைவு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணமே அதுதான். எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குக் குரல் வராது. அன்றைக்கும் வரவில்லை. மதிலுக்கு அப்பால் தெரிந்த பாத்தும்மா மாமியின் மாடி வீட்டைக் கையால் காட்டினேன்.

“கையக் காட்டாத. வாயால சொல்லுகா.”

“இன்ஷாப் காக்காட.”

“இன்னொருக்காச் சொல்லு.”

“இன்ஷாப் காக்காட கை.”

ராத்தா படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு தறியின் பலகையிலேயே குந்திவிட்டார். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு கண்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கும் மேலாக, நாள்தோறும் அதை நான் பார்க்க வேண்டி வந்தது.

ராத்தாவின் மாப்பிள்ளை ஜெஸீம் மச்சான் சாகாமத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் எல்லா ஆண்களையும் போல மனைவியின் வீட்டுக்கு வந்தவர். பன்னிரண்டு வருசமாகியும் தறிப் பக்கம் அவருக்குக் கை போகவே இல்லை. நெல் மூட்டை கட்டுவதில்தான் சூரர். சாக்கின் வாயைச் சங்கிலி சங்கிலியாக அவர் தைத்தால் உள்ளேயிருந்து ஒரு மணி சிந்தாது; வாலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் சர்ரென்று முழுத் தையலும் அவிழ்ந்துவிடும்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் இன்ஷாப் அவரை வளைகுடாவுக்குக் கூட்டிப் போனது. அங்கே ஒரு விமானப் பட்டறையில் இன்ஷாப் மேற்பார்வைக்காரன். விமானக் கதவுகளின் அடியில் காற்றுச் சறுக்கு ஒன்றை மடித்து வைத்திருப்பார்கள் என்பதே ஜெஸீம் மச்சான் லீவில் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

“ஆபத்து வந்தா கதவத் திறந்த உடன அது கீழ விழும் மச்சி. விழுற பாரத்தில கயிறு இழுபட்டு, மேலுறைட தையல் அவிழ்ந்து, சிலிண்டர் காத்த ஊதி ஆறு செக்கனுக்குள்ள சிலைட் விரியணும். ஆக்கள் அதுல சறுக்கி இறங்குவாங்க. மேலுறைத் தையல் வேற ஒண்டுமில்ல, நம்மட சாக்குத் தையல்தான். அத நான் கண்ண மூடிக்கொண்டு தைப்பன்.”

மூன்று வருசத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு சறுக்கையும் கழற்றி, காற்றடித்து, ஒரு பகல் முழுக்க விட்டு, காற்று இறங்குகிறதா என்று பார்ப்பார்களாம். சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பொத்தல் தேடுவார்களாம். காயவைத்து, மாப்பொடி தூவி, புத்தகத்தில் உள்ளபடி மடிப்பார்களாம். ஒரு மடிப்புப் பிழைத்தால் திரும்பவும் முதலிலிருந்து. கடைசியில் தாளில் இரண்டு முத்திரை விழ வேண்டும், மடித்தவனுடையது ஒன்று, அதைச் சோதித்தவனுடையது ஒன்று. ஒரே ஆள் இரண்டையும் குத்தக்கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். மச்சான் வீட்டில் கட்டிலுக்கு மேல் கட்டுகிற நுளம்பு வலையைக்கூட முழங்காலால் அமத்திக் காற்றை வெளியே தள்ளித்தான் மடிப்பார். ராத்தா கேலி செய்வார், “முத்திரை குத்திட்டீங்களா” என்று.

பிறகு ஒரு நாள் வேறொரு ஊர் விமான நிலையத்தில் இறங்கிய விமானமொன்றின் சக்கரம் புகைந்தது. கதவைத் திறந்தார்கள். சறுக்கு மூட்டையாக விழுந்து மூட்டையாகவே தொங்கியது. பின்னால் நெருக்கினவர்களின் தள்ளலில் ஒரு பெண் மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணையில் மேலுறைத் தையலின் நுனியில் அவிழாத முடிச்சொன்றையும், மடித்தவனின் முத்திரை ஜெஸீம் மச்சானுடையது என்பதையும் கண்டார்கள். சோதித்த முத்திரை இன்ஷாப்புடையது. தான் பார்த்தபோது தையல் சரியாகத்தான் இருந்தது, அதன் பிறகு ஜெஸீம் அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறான் என்று இன்ஷாப் எழுதிக் கொடுத்தான். மச்சானின் முத்திரையைப் பறித்து விமானமேற்றிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து இறங்கிய கிழமையே அவருக்குச் ‘சறுக்கன்’ என்று பெயர் விழுந்தது. தேத்தண்ணிக் கடையில் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, “பாத்து இரி சறுக்கன், விழுந்திருவாய்” என்பார்கள். மகள் றிஸ்லாவை மதரஸாவில் ‘சறுக்கன்ட மகள்’ என்றார்கள். பாத்தும்மா மாமி வந்து ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பொம்புள என்ன பாவம் செஞ்சா மகள், உன்ட மாப்பிள கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே” என்று அழுதார். உண்மையாகவே அழுதார். ராத்தா அதைத்தான் மறக்கவேயில்லை.

மூன்று வருசம் மச்சான் சாகாமத்தில் அறுவடை மெசினுக்குப் பின்னால் மூட்டை தைத்தார். இந்த வருசம் வேறொரு நாட்டுப் பட்டறை அவரைக் கூப்பிட்டது. ஆனால் பழைய முத்திரை ஏன் பறிபோனது என்பதற்குச் சோதித்தவரின் கையால் கடிதம் வேண்டும், மாத முடிவுக்குள் வேண்டும் என்றார்கள். அதற்காகப் பழைய தாள்களைத் தேடும்போதுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த விசாரணைப் பைல் ராத்தாவின் கையில் கிடைத்தது. அதற்குள் அந்தப் படம்.

அன்று பகல் சோற்றுக்கு இருந்த மச்சானின் தட்டுக்குப் பக்கத்தில் ராத்தா படத்தை வைத்தார். சூரை மீன் ஆணத்தைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா இது அவன்ட முடிச்செண்டு?”

“எனக்கெங்க முடிச்சு தெரியும். நான் வயக்காரன்.”

“அப்ப இதக் கட்டினது நீங்க இல்லயெண்டு தெரியுமே.”

“அது தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு மூணு வருசம் வாயப் பொத்திக்கொண்டா இருந்தீங்க?”

“அங்கயே சொன்னன் ஸுஹைறா. முத்திரை உன்டதானே எண்டாங்க. முத்திரை என்டதுதான். அதுக்கு மேல என்னத்தச் சொல்ற?” மச்சான் சோற்றைத் தள்ளி வைத்தார். “அவர்தானே நம்மளக் கூட்டிப் போனவர். இந்த மேல்மாடி, றிஸ்லாட தோடு எல்லாம்…”

“கூட்டிப் போய்த் தள்ளிவிட்டா அதுக்கும் சலாம் சொல்லணுமா?”

“அடுத்த கிழமை வாறார். மகள்ட நிக்காஹ் இருக்கிதாம். போய்த் தனியக் கேப்பம்.”

“தனியக் கேட்டா தனியத்தான் மறுப்பான். உங்களச் சறுக்கன் எண்டு தனியக் கூப்பிட்டா சொன்னாங்க?”

“அப்ப அல்லாஹ்கிட்ட விடு.”

“மூணு வருசம் அவன்கிட்டத்தான் விட்டிருந்தன். இப்பதானே படத்தத் தந்திருக்கான்.”

நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் நானும் அவனை இன்ஷாப் காக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆள், தான் கூட்டிப் போன ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு பார்சலோடு போக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அது கட்டாயம். ஒரு வீட்டை விட்டுப் போனால், அந்த வீட்டோடு உனக்கு என்ன என்று ஊர் கேட்கும். போன மூன்று வருசமும் இன்ஷாப் லீவில் வராமலே இருந்து அதைத் தப்பினான். இந்த முறை மகளுடைய கல்யாணம், தப்ப இயலாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் வேறு அவனைச் சேர்க்கப் போவதாகப் பேச்சு.

ராத்தா பாத்தும்மா மாமிக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் அனுப்பினார். நான்தான் கொண்டு போனேன். நிக்காஹ்வுக்குக் குடும்பப் பெண்களுக்குக் கொடுக்கிற நாற்பது சாரியையும் தானே நெய்து தருவதாகவும், காக்கா வந்து கரையின் நிறத்தைச் சொன்னால் போதும் என்றும் சொல்லச் சொல்லியிருந்தார். மாமி சட்டியை வாங்கிக்கொண்டு, “அவள் நல்ல மனசுக்காரி. மனசில ஒண்டும் வச்சிருக்க மாட்டாள்” என்றார். எனக்கு முகம் சூடாகிப்போனது. ஆனால் பாவமாக இருக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

“அவன் வாயால வேணாம்,” என்றார் ராத்தா நான் திரும்பி வந்ததும். “அவன் ஆயிரம் பொய் சொல்லுவான். அவன்ட உம்மாட வாயால வரணும். அந்தக் கிழவி என்ட கையப் புடிச்சு அழுதாளே, அந்த வாயாலதான்.”

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். வேனிலிருந்து முதலில் இறங்கியது பள்ளிவாசல் நிர்வாகத்துக் கலந்தர் மரைக்கார். பிறகு இன்ஷாப், பின்னால் அவன் கையைப் பிடித்துப் பாத்தும்மா மாமி. மூன்று வீடு தள்ளி இருக்கிறவர்கள் வேனில் வந்தார்கள். அத்தர் வாசம் தறிக்கொட்டில் வரைக்கும் வந்தது. பார்சலில் பால்மா, தைலம், சவர்க்காரம், ஒரு டோர்ச். ராத்தா இரண்டு கையாலும் வாங்கினார்.

“எப்பிடி ஜெஸீம், வயல் எல்லாம்?” என்றான் இன்ஷாப்.

“இரிக்கி காக்கா.”

“மெலிஞ்சுபோனாய்.”

“மூட்டை தூக்கிற உடம்புதானே.”

கலந்தர் மரைக்கார் ராத்தா வைத்த தொதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “மூட்டைய இறுக்கிக் கட்டாதடா ஜெஸீம், மறுகா அவிழாது” என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தார். இன்ஷாப் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். பாத்தும்மா மாமி, “சும்மா இரிங்க மரைக்கார், முடிஞ்ச கதை” என்றார்.

“சிரிக்கட்டும் மாமி,” என்றார் ராத்தா. “பழகிப்போச்சி. வாங்க காக்கா, கரை நிறம் பாப்பம். உங்கட சாரிக்குத்தான் பாவு ஏத்தியிருக்கன்.”

எல்லோரும் கொட்டிலுக்குள் வந்தார்கள். என் தறியின் மிதிக்கயிற்றை ராத்தா காலையிலேயே வெட்டிவிட்டிருந்தார். மிதிபலகை ஒரு பக்கம் நிலத்தில் கிடந்தது. புதுக் கயிறு தறியின் மேல் இருந்தது. வெள்ளைக் கயிறு.

“பாருங்க காக்கா, உங்கட வேலை தொடங்கிற நாள் பாத்து அறுந்து கிடக்கு. இவள் அப்னா கட்டினா ரெண்டு நாளைக்கு நிக்காது. மாமிட வீட்டுக் கட்டெண்டா ஆயுளுக்கும் நிக்கும்.”

“அத அவனும் கட்டுவான் மகள்,” என்றார் மாமி. “ஏழு வயசில கட்டினவன். நோன்போட இருந்து கட்டினவன்.”

“இப்பவும் கை வருமா காக்கா? இல்லாட்டி பிளேன் வேலைல எல்லாம் மறந்துபோச்சா?”

“மறக்கிறதா?” இன்ஷாப் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். “இதெல்லாம் மறக்கிற சாமானா?”

நான் தறியின் அந்தப் பக்கம் நின்றேன். மூன்று சுற்று, வலப்பக்கமாக. வாலை அடியில் ஒரு தரம் கொடுத்தான். ராத்தா கத்தரியை நீட்டினார். நகமளவுக்கு ஒட்ட நறுக்கினான். காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, “யானை மிதிச்சாலும் அவிழாது” என்றான்.

“அது எனக்குத் தெரியும்,” என்றார் ராத்தா. பிறகு நெய்து சுருட்டியிருந்த துணிக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து, அவனிடம் இல்லை, மாமியிடம் கொடுத்தார். “மாமி, கண்ணாடியப் போட்டுக்கொண்டு பாருங்க. இது யார்ட கை?”

மாமி படத்தை வெளிச்சத்துப் பக்கம் பிடித்தார். கொஞ்ச நேரம்கூட எடுக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்துபோனது.

“நம்மட மகன்ட கைதானே. இது கறுமம், வலப்பக்கம் சுத்துவான், எத்தின தரம் சொல்லியும் கேக்கல்ல. எங்க எடுத்த படம் மகள் இது?”

“விரியாத சிலைட்ல மாமி. அந்தப் பொம்புள விழுந்தாளே, அந்தக் கதவு. விசாரிச்சவங்க எடுத்த படம். அடியில திகதி போட்டிருக்கு.”

கச்சான் கொட்டிலின் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. கலந்தர் மரைக்கார் தொதலை மென்று விழுங்கினார். மாமி குனிந்து, சற்று முன் மகன் கட்டிய முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் முடிச்சைத் தொட்டார்.

“என்ன பைத்தியக் கதை இது,” என்றான் இன்ஷாப். “ஒரு முடிச்ச வச்சி என்னத்த நிரூபிக்க ஏலும்? உலகத்தில ஒருத்தன்தான் இப்பிடிக் கட்டுவானா?”

“இந்த ஒழுங்கையில ஒருத்தன்தான்,” என்றார் ராத்தா. “அங்க இந்த ஒழுங்கையால போனது ரெண்டே பேர். ஒருத்தருக்குத் தறி முடிச்சே தெரியாது. மரைக்கார், அவர்ட கையில கயிறக் குடுத்துப் பாருங்க, சாக்குத்தான் தைப்பார்.”

“முத்திரை அவன்ட. தாள்ல இரிக்கி.”

“முத்திரை எங்க இருந்துச்சி?”

“பட்டறையில அவன்ட அலுமாரிக்குள்ள. சாவியத் தந்தவன் யாரு? நானா உடைச்சி எடுத்த? கேளுங்க, அவனையே கேளுங்க.”

எல்லோரும் ஜெஸீம் மச்சானைப் பார்த்தோம். அவர் கொட்டில் வாசலில் நின்றார். இந்தச் சாவிக் கதை ராத்தாவுக்கே தெரியாது. ராத்தாவின் முகம் ஒரு கணம் வெளிறியதை நான் கண்டேன்.

“ஓம், நான்தான் தந்தன்,” என்றார் மச்சான் மெதுவாக. “காய்ச்சல்ல கிடந்தன். எழும்ப ஏலாது. மாத்து உடுப்பு எடுத்துத் தாறன் எண்டு கேட்டீங்க காக்கா. உடுப்பும் கொண்டு வந்து தந்தீங்க.”

தான் சொல்லிவிட்டது என்ன என்று இன்ஷாப்புக்கு அப்போதுதான் பிடிபட்டது. நெற்றியைத் துடைத்தான்.

“பிளேன் வெளிக்கிட நாலு மணித்தியாலம்தான் இருந்துச்சி,” என்றான். குரல் இறங்கிவிட்டிருந்தது. “மடிக்கிறவன் காய்ச்சல்ல. வேற ஆள் இல்ல. நான் மடிச்சி நானே பாத்தன் எண்டு எழுத ஏலாது. மேல் தையல் நழுவிக்கொண்டே இரிந்திச்சி, நிக்கட்டும் எண்டு நுனியில ஒரு முடிச்சுப் போட்டன். அவன் வேலைக்கு வந்த முந்தின நாள் திகதியப் போட்டன். விரிய வேண்டி வரும் எண்டு யார் கண்டா? ஆயிரத்தில ஒண்டக்கூட விரிக்க வேண்டி வராது ஜெஸீம், உனக்கே தெரியும்.”

“விரிய வேண்டி வரும் எண்டுதானே காக்கா நம்மளச் சம்பளத்துக்கு வச்சிருந்தாங்க,” என்றார் மச்சான்.

ராத்தா தறியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். அதையும் காலையிலேயே எடுத்து வைத்திருந்தார். பக்கத்தில் பேனை.

“இப்ப சொன்னத எழுதுங்க. சாவி, முத்திரை, திகதி, முடிச்சு. கடைசியில உங்கட கையெழுத்து. மரைக்கார் சாட்சி.”

“எழுதினா என்ட வேலை போயிரும். கேஸ் வைப்பாங்க. பதினைஞ்சாம் திகதி மகள்ட நிக்காஹ். உனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி ஸுஹைறா.”

“இரிக்கி. சறுக்கன்ட மகள் எண்டு பேரு. இனி உங்கட மகளும் அந்தப் பேர வச்சுப் பாக்கட்டும்.”

“மரைக்கார், நீங்க சொல்லுங்க. பள்ளியில வச்சுப் பேசித் தீக்கிற விசயம் இது…”

கலந்தர் மரைக்கார் தன் தொப்பியைக் கழற்றி, தட்டி, திரும்பப் போட்டார். “நான் அவனப் பாத்து மூணு வருசமாச் சிரிச்சவன் தம்பி,” என்றார். “என்னையக் கேக்காத.”

“உம்மா, நீங்களாவது சொல்லுங்க. உம்மா.”

பாத்தும்மா மாமி இன்னமும் மிதிபலகைக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ராத்தா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருசமாக அந்த முகத்தை இப்படிப் பார்க்கத்தான் அவர் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நானும் பார்த்தேன்.

மாமி ராத்தாவைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து உறையில் போட்டார். தறியின் மேல் கிடந்த பேனையை எடுத்து, மூடியைத் திறந்து, மகனின் கையில் வைத்து, அவனுடைய விரல்களைத் தன் இடது கையால் ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிப் போட்டார். வேன்காரன் ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்து பிடித்தான். மாமி அதைத் தாண்டி, கச்சான் காற்றுக்குள், ஒழுங்கை வழியே நடந்தே போனார்.